லெக்சிங்டன் மதுச் சோதனை: குடியைத் தாங்கப் பழகிய மூளை

நெடுநாள் குடிப்பழக்கம் உள்ள ஒருவர் திடீரென்று குடியை நிறுத்தும்போது கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, சிலருக்கு வலிப்பு வருகிறது, சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிகின்றன. இவற்றுக்கு மதுவின் நஞ்சு காரணமா, உணவைப் புறக்கணித்ததால் வந்த சத்துக்குறைவு காரணமா, அல்லது மது இல்லாமற்போனதே காரணமா என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் நூறாண்டுக்கும் மேலாகத் தீர்வு காண முடியாமல் இருந்தது. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் சட்டன் 1813இல் இந்த நடுக்கப் புத்திமாறாட்டத்துக்கு ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ என்று பெயரிட்டு, அபின் கொடுத்தால் நோயாளி தேறுகிறார், இரத்தம் வடித்தால் கெடுகிறார் என்று எழுதினார். மூளையை அமைதிப்படுத்தும் ஒரு பொருள் உதவுகிறது என்ற அந்தக் கவனிப்பிலேயே விடைக்கான குறிப்பு இருந்தது. ஆனால் அன்று அதை விளக்கும் உடலியல் இல்லை.

1953இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் மாரிஸ் விக்டர், ரேமண்ட் ஆடம்ஸ் ஆகிய இருவரும் குடிப்பழக்கத்தோடு தொடர்ச்சியாக வந்து சேர்ந்த 266 நோயாளிகளைக் கவனித்து, பெரும்பாலானோருக்கு அறிகுறிகள் குடித்துக்கொண்டிருந்தபோது அன்றி, குடி நின்ற அல்லது வெகுவாகக் குறைந்த பிறகே தொடங்கின என்று காட்டினர். ஆனாலும் ஐயம் தீரவில்லை. மருத்துவமனைக்கு வருபவர் வெறும் குடிப்பழக்கத்தோடு மட்டும் வருவதில்லை; பல நாள் சாப்பிடாதவராக, ஈரல் கெட்டவராக, நிமோனியா கண்டவராக, கீழே விழுந்து தலையில் அடிபட்டவராக இருக்கிறார். இவற்றில் எது வலிப்பைக் கொண்டுவந்தது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

அதைப் பிரித்துக் காட்டியது, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் நகரில் இருந்த போதைப்பொருள் ஆய்வு மையத்தில் ஹாரிஸ் இஸ்பெல், ஏப்ரகாம் விக்லர் முதலியோர் நடத்தி 1955இல் வெளியிட்ட சோதனை. குடி நின்றதே இந்த அறிகுறிகளுக்குக் காரணம் என்பதற்கு மனித உடலில் கிடைத்த நேரடிச் சான்று அது.

நடந்தது

லெக்சிங்டன் நிறுவனம் 1935இல் திறக்கப்பட்ட கூட்டாட்சி அரசின் மருத்துவமனை. பாதி சிறை, பாதி சிகிச்சை இல்லம். அங்கிருந்தவர்களில் மார்பின் பழக்கத்திலிருந்து மீண்ட பத்து ஆண்கள் இந்தச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். இவர்கள் உடல்நலம் உள்ளவர்கள். சோதனைக்காலம் முழுவதும் இவர்களுக்குப் போதிய உணவும் கூடுதலாக வைட்டமின்களும் கொடுக்கப்பட்டன. முழுச் சோதனையின் உயிர்நாடி இந்த ஏற்பாடுதான். சத்துக்குறைவு என்ற விளக்கத்தை முன்கூட்டியே அடைத்துவிட்ட பிறகு, நாள் முழுவதும் பகிர்ந்து பெருமளவு ஆல்கஹால் கொடுக்கப்பட்டது.

நான்கு பேர் 7 முதல் 34 நாட்களுக்குள் விலகிக்கொண்டனர். அவர்களுக்குக் குடி நின்றதும் லேசான நடுக்கம், குமட்டல், வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு மேல் எதுவும் இல்லை. மற்ற ஆறு பேர் 48 முதல் 87 நாட்கள் வரை குடித்தனர். சில வாரங்களில் அவர்கள் அந்த அளவுக்குப் பழகினர். தொடக்கத்தில் தள்ளாடச் செய்த அளவே பிறகு அவ்வளவாகத் தெரியாமற்போனது. தாங்குதிறன் என்று மருத்துவம் சொல்வது இதைத்தான். பின்னர் ஒரே நாளில் மது முழுவதுமாக நிறுத்தப்பட்டது. ஆறு பேருக்கும் கடும் நடுக்கம், தளர்ச்சி, வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், இரத்த அழுத்த உயர்வு, தூக்கமின்மை வந்தன. இருவருக்கு வலிப்பு வந்தது. மூவர் நாளும் இடமும் தெரியாத முழுப் புத்திமாறாட்டத்துக்குள் போனார்கள். இல்லாதவற்றைக் கண்டார்கள், இல்லாத குரல்களைக் கேட்டார்கள்.

நன்றாகச் சாப்பிட்டவர்கள், வைட்டமின் குறையாதவர்கள், தலையில் அடிபடாதவர்கள். அவர்களிடமிருந்து நீக்கப்பட்டது மது ஒன்றே. குடித்த காலம் நீண்டதற்கு ஏற்ப விளைவும் கடுமையாக இருந்தது. ஆக, எந்த மாற்றம் அவர்களைக் குடியைத் தாங்கச் செய்ததோ, அந்த மாற்றமே குடி நின்றபோது அவர்களை வீழ்த்தியது.

இந்தச் சோதனையைப் பற்றி எழுதும்போது அது யார் மீது நடத்தப்பட்டது என்பதைக் கடந்துபோக இயலாது. உயிருக்கே ஆபத்தான ஒரு நிலையை, அது ஆபத்தானது என்று தெரிந்தே, சுதந்திரம் இழந்த மனிதர்களிடம் உண்டாக்கிப் பார்த்தனர். தன்னுரிமையோடு கொடுக்கப்படும் ஒப்புதல் இன்றி மனிதர் மீது சோதனை கூடாது என்ற நியூரம்பர்க் நெறி 1947இலேயே எழுதப்பட்டுவிட்டது. அம்மையத்தின் சோதனைகளில் பங்கேற்றவர்களுக்குக் கைம்மாறாகப் போதைப்பொருளே கொடுக்கப்பட்டதாக 1975இல் அமெரிக்க செனட் விசாரணையில் வெளிப்பட்டது. இன்று எந்த அறநெறிக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. அந்தப் பத்துப் பேர் கொடுத்த விலையில் கிடைத்த அறிவு என்பதாலேயே அதைச் சரியாகப் புரிந்துகொள்ளவும் பயன்படுத்தவும் நமக்குக் கடமை இருக்கிறது.

மூளையில் என்ன மாறியது

எத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு. நீரிலும் கொழுப்பிலும் கரையும். இரத்தத்திலிருந்து மூளைக்குள் தடையின்றி நுழையும். மார்பினுக்கு இருப்பதுபோல அதற்கென்று ஒரே ஏற்பி, அதாவது நரம்பணுவில் அது போய் ஒட்டும் புரதம், கிடையாது. பல இடங்களில் ஒரே சமயத்தில் கைவைக்கிறது என்பதே அதன் இயல்பு. அவற்றுள் இரண்டு இடங்கள் தாங்குதிறனைப் புரிந்துகொள்ள இன்றியமையாதவை.

ஒன்று, மூளையின் முதன்மையான அடக்கும் நரம்புக்கடத்தியான (நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான) காபா. இது காபா-ஏ ஏற்பியில் ஒட்டும்போது குளோரைடு அயனிகள் நரம்பணுவுக்குள் புகுந்து, அந்த அணு கிளர்ச்சியடைவதைக் கடினமாக்குகின்றன. மது இந்த அடக்கத்தைக் கூட்டுகிறது. மற்றொன்று, முதன்மையான கிளர்த்தும் நரம்புக்கடத்தியான குளுட்டமேட். அதன் ஏற்பிகளில் ஒன்றான என்.எம்.டி.ஏ. ஏற்பி நினைவுப் பதிவுக்கு அடிப்படையானது. ஒரு மனிதருக்குப் போதை தரும் செறிவிலேயே எத்தனால் இந்த ஏற்பியைத் தடுக்கிறது என்பது 1989இல் நரம்பணுக்களில் நேரடியாக அளந்து காட்டப்பட்டது. நிறையக் குடித்த இரவில் நடந்தது மறுநாள் காலை நினைவில் இல்லாமற்போவதில் இந்தத் தடுப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆக, அடக்கம் கூடுகிறது, கிளர்ச்சி குறைகிறது. ஒரு நாள் மட்டும் என்றால் மது வெளியேறியதும் மூளை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நாள்தோறும் தொடர்ந்தால், மூளை இந்தத் தலையீட்டை நிரந்தரச் சூழலாக எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் தன்னைத் திருத்தியமைக்கிறது. காபா-ஏ ஏற்பிகள் சில அணுச்சவ்விலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. எஞ்சியவற்றின் கட்டமைப்பும் மாறுகிறது, அவற்றின் உறுப்புகளில் ஆல்ஃபா-1 துணையலகு குறைந்து ஆல்ஃபா-4 துணையலகு மிகுகிறது. அதே அளவு மதுவுக்கு அடக்கம் முன்போல் கிடைப்பதில்லை. மறுபக்கம், தடுக்கப்பட்ட என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகுகின்றன. அணுக்களுக்குள் கால்சியத்தைச் செலுத்தும் மின்னழுத்த வாயில்களும் கூடுகின்றன. இவ்வளவும் சேர்ந்து, மது இருக்கும்போதுதான் மூளை இயல்பாக இயங்கும் என்ற புதிய சமநிலை உருவாகிறது.

இடைவிடாமல் அடிக்கும் பலத்த காற்றை எதிர்த்துச் சாய்ந்து நின்று பழகியவர், காற்று சட்டென்று நின்றால் முன்னால் விழுவார். லெக்சிங்டனில் ஆறாவது வாரத்தில் தள்ளாடாமல் நடந்தவர்கள் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்கள். மது நீங்கியதும் குறைந்துபோன காபா அடக்கமும் பெருகிப்போன குளுட்டமேட் கிளர்ச்சியும் எதிர்ப்பின்றி வெளிப்பட்டன. மது நிறுத்தப்பட்ட விலங்குகளின் மூளையில் குளுட்டமேட்டின் அளவே உயர்வது பின்னாளில் அளக்கப்பட்டிருக்கிறது. மூளைத்தண்டில் உள்ள லோகஸ் செருலியஸ் என்ற பகுதியிலிருந்து நோர்அட்ரீனலின் பெருகுவதால் நடுக்கமும் வியர்வையும் இதயத் துடிப்பும் கூடுகின்றன. பெருமூளைப் புறணி வரை கிளர்ச்சி கட்டுமீறினால் அது வலிப்பு.

குடிக்கத் தூண்டும் இன்பத்தின் வேதியியலும் இதே வழியில் மாறுகிறது. மது, மூளைக்குள்ளேயே சுரக்கும் எண்டார்ஃபின்களைத் தூண்டி, டோபமைன் வழித்தடத்தை இயக்குகிறது. தொடர்ந்து குடிப்பவர்களின் மூளைப் படங்களில் டோபமைன் டி-2 ஏற்பிகள் குறைந்திருப்பது தெரிகிறது. மன உளைச்சலுக்கான கார்ட்டிகோட்ரோபின் தூண்டும் காரணி என்ற வேதிப்பொருள், அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவில் ஓங்குகிறது. மகிழ்ச்சிக்காகக் குடித்தவர் சில ஆண்டுகளில் பதற்றம் அடங்குவதற்காக மட்டும் குடிக்கிறார் என்று குடும்பத்தினர் சொல்வது வெறும் மனவருத்தத்தில் சொல்லும் சொல் அன்று. அது இந்த மாற்றத்தின் சரியான விவரிப்பு.

தாங்குதிறன் ஒரே பொருள் அன்று

ஈரலில் நடப்பதும் உண்டு. இயல்பாக மதுவைச் சிதைப்பவை ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் முதலிய நொதிகள். தொடர்ந்து குடிப்பவரிடம் சைட்டோகுரோம் வகையைச் சேர்ந்த இன்னொரு நொதி பெருகி மதுவை விரைவாக எரிக்கிறது என்பதைச் சார்லஸ் லீபரும் லியோனோர் டிகார்லியும் 1968இல் காட்டினர். அதே நொதி பாராசிட்டமாலை ஈரலுக்கு நஞ்சாக மாற்றும் ஆற்றலும் உடையது. தலைவலிக்கு மாத்திரை மேல் மாத்திரை போடும் குடிப்பழக்கமுள்ளவருக்கு ஆபத்து இந்த வழியில் வருகிறது. ஈரல் சுருங்கிப் பழுதான பிறகு இந்தத் தாங்குதிறன் தலைகீழாகி, முன்பு ஒரு பாட்டிலைத் தாங்கியவர் சிறிதளவிலேயே நிலைகுலைகிறார்.

ஒரே மாலைக்குள்ளும் தாங்குதிறன் வளர்கிறது. எட்வர்டு மெல்லன்பி 1919இல் நாய்களிடம் நடத்திய சோதனையில், இரத்தத்தில் மது ஏறும்போது காணப்படும் தள்ளாட்டம், அதே அளவுக்கு மது இறங்கிவரும்போது குறைவாக இருப்பதைக் கண்டார். குடித்து முடித்துச் சற்று நேரம் கழித்து ‘இப்போது தெளிந்துவிட்டது’ என்று வண்டிச் சாவியை எடுப்பவரிடம் நிகழ்வது இதுவே. தெளிந்த உணர்வுதான் வந்திருக்கிறது, இரத்தத்தில் இருக்கும் அளவு சட்ட வரம்பான 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமை விடப் பல மடங்கு கூடுதலாக இருக்கலாம். நம் ஊரில் குவார்ட்டர் என்று விற்கப்படும் 180 மில்லிலிட்டர் பாட்டிலில், 42.8 விழுக்காட்டு அடர்த்தியில், ஏறத்தாழ 60 கிராம் எத்தனால் இருக்கிறது. சராசரி உடல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் அதை நீக்கும்.

சூழலும் தாங்குதிறனைக் கற்றுக்கொடுக்கிறது. கனடாவில் எலிகளிடம் நடந்து 1979இல் வெளியான ஆய்வில், மது உடல் வெப்பத்தைக் குறைக்கும் விளைவுக்கு எலிகள் பழகியது மது வழக்கமாகக் கொடுக்கப்பட்ட அறையில் மட்டுமே வெளிப்பட்டது. வேறு அறையில் அதே அளவு கொடுத்தபோது அவை தாங்கவில்லை. மது அறையில் வெறும் உப்புநீரைச் செலுத்தியபோது உடல் வெப்பம் உயர்ந்தது. மது வரப்போகிறது என்று எதிர்பார்த்து உடல் முன்கூட்டியே எதிர்வினை ஆற்றியது. வழக்கமான இடத்தில், வழக்கமான கூட்டத்தோடு தாங்கிய அளவு, பழக்கமில்லாத ஊரில் ஒருவரைச் சாய்த்துவிடுவதற்கு இது ஒரு காரணம்.

தாங்குதிறன் எந்த எல்லை வரை போகும் என்பதற்கு 1982இல் மருத்துவ இதழ் ‘தி லான்செட்’ பதிவு செய்த ஒரு நோயாளி சான்று. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த 24 வயதுப் பெண்ணின் இரத்தச் சீரத்தில் 100 மில்லிலிட்டருக்கு 1510 மில்லிகிராம் எத்தனால் இருந்தது. பழக்கமில்லாத பெரியவரை அதில் மூன்றில் ஒரு பங்கே கொன்றுவிடக்கூடும். அவரோ விழித்திருந்தார், தாம் யார், எங்கே இருக்கிறோம் என்பதை அறிந்திருந்தார், உயிர் பிழைத்தார்.

இதை ஒருவருடைய வலிமையாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை. தாங்குதிறன் மூளையின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே அளவில் வருவதில்லை. பேச்சும் நடையும் விரைவில் பழகிக்கொள்கின்றன. தீர்ப்பறிவும் நினைவும் அவ்வளவு பழகுவதில்லை. மூச்சை இயக்கும் முகுளம் பழகுவது மிகக் குறைவு. போதை தெரிய வேண்டிய அளவு ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போக, உயிரைப் பறிக்கும் அளவு அதே வேகத்தில் உயராமல் நிற்பதால், இரண்டுக்கும் இடையிலான தொலைவு சுருங்குகிறது. ‘எவ்வளவு குடித்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது’ என்று திருமண வீட்டிலும் நண்பர் கூட்டத்திலும் ஒருவரைப் பாராட்டும்போது, அவருடைய மூளை ஏற்கெனவே மாறிவிட்டது என்பதற்கான முதல் மருத்துவ அறிகுறியை நாம் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு இதனால் என்ன

குடி நின்ற ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். வலிப்பு வருமானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். புத்திமாறாட்டம் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வரும். கால் எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் இரவு படுக்கையில் பூச்சி ஊர்வதாகக் கத்தினால், தலையில் உள்காயமோ என்று தேடுவதோடு, அவர் கடைசியாக எப்போது குடித்தார் என்பதையும் கேட்க வேண்டும். வெட்கத்தினால் குடும்பத்தார் சேர்க்கையின்போது இதை மறைப்பது வழக்கம். அந்த மறைப்பு உயிரை எடுக்கும்.

விளக்கம் சரியென்பதற்குச் சிகிச்சையே சான்று தந்தது. காபா-ஏ ஏற்பியில் வேலை செய்யும் குளோர்டயஸபாக்சைடு 1960இல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 537 நோயாளிகளைக் கொண்டு 1969இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், இந்த மருந்து பெற்றவர்களிடமே வலிப்பும் புத்திமாறாட்டமும் மிகக் குறைவாகக் காணப்பட்டன. மனநோய்க்கான குளோர்புரோமசின், தயமின் (பி-1 வைட்டமின்) மட்டும், வெற்று மாத்திரை ஆகிய எதுவும் அதற்கு ஈடாகவில்லை. மதுவோடு நீங்கிப்போன அடக்கத்தைக் கடன் கொடுத்து, மூளை தன் ஏற்பிகளை மீட்டுக்கொள்ளும் வரை அளவைப் படிப்படியாகக் குறைப்பதுதான் இன்றும் சிகிச்சையின் மையம். தயமின் வலிப்பைத் தடுக்காது என்றாலும் அதைத் தவிர்க்கக் கூடாது. பி-1 வைட்டமின் குறைவால் வரும் வெர்னிக்கே மூளைநோய் இதிலிருந்து வேறானது, ஆனால் இதே நோயாளிகளைத்தான் தாக்குகிறது. குளுக்கோஸ் ஏற்றும் முன்பே தயமின் ஊசி போடப்படுவது அதனால்தான்.

2020 மார்ச் இறுதியில் நாடு தழுவிய ஊரடங்கில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது, லெக்சிங்டனில் பத்துப் பேரிடம் நடந்தது தென்னிந்தியாவில் எண்ணற்றோரிடம் எவ்வித ஏற்பாடும் இன்றி நடந்தது. பெங்களூரு மருத்துவமனைகளில் மது நிறுத்த அறிகுறிகளோடு வந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. மருத்துவர் சீட்டின் பேரில் மது வழங்கலாம் என்று கேரள அரசு பிறப்பித்த ஆணையை மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. ஏப்ரல் 2 அன்று கேரள உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. நீதிமன்றத்தின் முடிவும் மருத்துவர்களின் எதிர்ப்பும் சரியானவை என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் இந்த நிலைக்குப் பாதுகாப்பான மருந்து அரை நூற்றாண்டாக நம் கையில் இருக்கிறது. ஆனால் அந்த மருந்தையும் அதைக் கொடுக்கத் தெரிந்தவரையும் ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் கடையை மட்டும் பூட்டியது, நோயைப் பற்றி அறியாமல் எடுத்த முடிவு. தமிழ்நாட்டில் மே 7இல் கடைகள் திறக்கப்பட்டபோது நின்ற வரிசைகளை ஒழுக்கக்கேடு என்று எழுதியவர்கள் பலர். அந்த வரிசையில் நின்ற ஒரு பகுதியினர் ஆறு வாரம் தூங்காதவர்கள்.

நிறுத்திய பிறகு ஏற்பிகள் சில வாரங்களில் பெருமளவு மீள்கின்றன. தூக்கமும் மனநிலையும் சீராக மாதங்கள் பிடிக்கின்றன. இந்த இடைவெளியில்தான் பலர் மீண்டும் குடிக்கிறார்கள். அகாம்ப்ரோசேட், நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் இங்கே துணை செய்கின்றன. முன்னது குளுட்டமேட் கிளர்ச்சியைத் தணிப்பதாகக் கருதப்படுகிறது, பின்னது எண்டார்ஃபின் வழி வரும் இன்பத்தை அடைக்கிறது. மறுபடி குடிப்பவருக்குத் தாங்குதிறன் போயிருக்கும், பழைய அளவு மட்டும் நினைவில் இருக்கும். முதல் நாளிலேயே அந்த அளவைக் குடிப்பது மூச்சை நிறுத்தக்கூடும். தொடர்ந்து குடித்தால், முதல் முறை ஆண்டுகள் எடுத்த தாங்குதிறன் இம்முறை மிக விரைவாகத் திரும்பிவிடுகிறது.

ஒவ்வொரு திடீர் நிறுத்தமும் அடுத்ததைக் கடுமையாக்குகிறது என்று ஜேம்ஸ் பாலஞ்சரும் ராபர்ட் போஸ்டும் 1978இல் முன்வைத்த கருத்தை, பின்வந்த விலங்குச் சோதனைகளும் மருத்துவமனைப் பதிவுகளும் ஆதரிக்கின்றன. பலமுறை நிறுத்தி மீண்டும் தொடங்கியவரின் மூளை எளிதில் கிளர்ந்தெழும் நிலைக்குத் தள்ளப்படுகிறது. முதல் நிறுத்தத்தில் வெறும் நடுக்கத்தோடு தப்பியவருக்கு ஐந்தாம் நிறுத்தத்தில் வலிப்பு வரலாம். ஒருவரை வீட்டிலேயே வைத்து மாத்திரையோடு குடியை நிறுத்தலாமா, மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டுமா என்று முடிவு செய்யும் மருத்துவர், எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்பதோடு நில்லாமல், இதற்கு முன் எத்தனை முறை நிறுத்தினார், அப்போது வலிப்போ புத்திமாறாட்டமோ வந்ததா என்றும் கேட்கிறார். வந்தது என்று பதில் கிடைத்தால், இம்முறை நடுக்கம் தொடங்கும் வரை காத்திராமல் மருந்து முதல் நாளே தொடங்கப்படுகிறது.